மைனி செடிக்கு நல்ல தண்ணி

மைனி,

இன்று காலை உன் செடியின் இலைகள் கிடக்கும் டப்பாவைத் திறந்தேன். அழுகிய வெண்டைக்காய் வாடை. இன்னும் ஒரு இலை கறுத்துப் போய்விட்டது. இனி பாக்கி ஒன்றே ஒன்று. சோப்புப் போட்டுக் கழுவியும் விரலில் அந்த வாடை போகவில்லை. பாப்பாவைத் தூக்கும்போதெல்லாம் வருகிறது. நீ போய் ஒரு வருஷம் தாண்டிவிட்டது. இத்தனை நாள் உனக்கு எழுத வராத கை, அவள் தூங்குகிற இந்த நேரத்தில் எழுதுகிறது. வேறு யாரிடம் போய்க் கேட்பேன்?

கல்லூரியில் நாம் இருவரும் கெமிஸ்ட்ரி லேபில் ஒரே மேசை. என் அண்ணனைக் கட்டிக்கொண்டு நீ வந்த பிறகு, அம்மா முன்னால் ‘மைனி’, உன் அறைக்குள் வந்ததும் ‘ஏளா’. உன் சீர்ப்பாத்திரங்களோடு வந்து இறங்கிய நாலு சின்னச் சட்டிகளைப் பார்த்து அம்மா முகம் போன போக்கு! பட்டர்வொர்ட், பூச்சி தின்னும் செடி. மண்ணோடு படிந்து விரிந்த இலைகள், வெண்ணெய் தடவிய மினுக்கம், தொட்டால் பிசுபிசுப்பு. வாழைப்பழத்தைச் சுற்றும் குட்டிப் பூச்சி அதில் உட்கார்ந்தால் எழுந்திருக்காது.

“வெள்ளிக்கிழம அதுவுமா நாம சாம்பார் திங்கோம், இந்தச் செடி கவிச்சி திங்குது” என்பாள் அம்மா.

“அது கோயிலுக்கு வராதுல்லா அத்தை, விடுங்க” என்பாய் நீ. சிரிப்பை மறைக்க அம்மா அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொள்வாள்.

நம் ஊரில் தண்ணீர் இரண்டு வகைதானே. போர்வெல்லில் வருவது உப்புத் தண்ணி. குழாயில் எப்போதாவது வருவது நல்ல தண்ணி. நீ மூன்றாவதாக ஒன்றைப் பிடித்து வைப்பாய், ஏசியிலிருந்து சொட்டுவதை. “இதுக்கு நல்ல தண்ணியே ஆகாது ஏளா. நமக்கு ருசியா இருக்கதே அதுல கரைஞ்சு கெடக்குற உப்பாலதான். இதுக்கு வெறுந்தண்ணி போதும்.” தென்னை நார்த் தூளைக்கூட உப்புப் போகக் கழுவிக் கழுவித்தான் சட்டியில் போடுவாய். குட்டிச் செடி முளைக்கவைக்க இலையைக் கழற்றும்போது என் கையைத் தட்டிவிடுவாய்: “பிய்க்காத. லேசா பக்கவாட்டுல ஆட்டு. அடியில இருக்க வெள்ளை முழுசா வரணும்.”

அப்புறம் அந்த மழைக்காலக் காய்ச்சல். பேறுகாலத்துக்கு வந்திருந்த நான் கைக்குழந்தையோடு வாசலில் நிற்க, உன்னை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அன்றிலிருந்து பாப்பா நெற்றியைத் தொடாமல் என்னால் ஒரு வேலையும் செய்ய முடியவில்லை. அம்மாவைத் தனியே விட மனசில்லாமல் இங்கேயே தங்கிவிட்டேன். உன் காரியம் முடிந்ததும் அண்ணன் கப்பல் வேலைக்குத் திரும்பிப் போய்விட்டான். வீடியோவில் வரும்போதெல்லாம் பாப்பாவைப் பார்ப்பதற்கு முன்னால் “செடியக் காட்டு” என்பான்.

நீ சொன்னபடியேதான் எல்லாம் செய்தேன். ஆனாலும் ஒவ்வொரு சட்டியாக அழிந்தது. வெயில் என்று நினைத்தேன். இடம் மாற்றினேன், வலை கட்டினேன், முகம் தெரியாத ஆட்களிடம் போட்டோ அனுப்பிக் கேட்டேன். கடைசிச் செடியும் வாட ஆரம்பித்த பிறகு, போன மாதம் ஒரு காலையில்தான் பார்த்தேன். அம்மா ஜன்னலருகே டம்ளரோடு நிற்கிறாள்.

“என்னம்மா ஊத்துத?”

“நல்ல தண்ணிதாம்ளா. பாப்பாவுக்குப் பிடிச்சு வச்சதுலேருந்து கொஞ்சம். ஏசில வடியுத அழுக்குத் தண்ணிய நீ ஊத்துத, எனக்கு மனசு கேக்கல. தெனமும் ஊத்துதேன். அவ இருக்கையில இந்தச் செடிய என்னமெல்லாம் பேசினேன். நல்ல தண்ணியாவது குடிக்கட்டும்.”

சொல்ல வாயெடுத்தேன், மைனி. அவள் சேலைத் தலைப்பால் சட்டியின் விளிம்பைத் துடைத்துக்கொண்டிருந்தாள். டம்ளரை வாங்கிக் கழுவப் போனேன்.

அன்றே குருத்து கையோடு வந்துவிட்டது. மிஞ்சிய இலைகளை நீ சொன்ன மாதிரி ஆட்டி எடுத்து, மூடியுள்ள டப்பாவில் ஈர மணலில் கிடத்தினேன். “குட்டி போடப் போகுது” என்று அம்மாவிடம் சொல்லிவைத்தேன். “அதுக்கும் பேறுகாலமா?” என்று சிரித்தாள். நீ போன பிறகு அவள் சிரித்து நான் பார்த்தது அதுதான்.

அண்ணன் அடுத்த வாரம் இறங்குகிறான். செடி எங்கே என்பான். எப்படிப் போச்சு என்பான். அவனும் உன்னிடம் பாடம் கேட்டவன்தானே. அம்மா முன்னாலேயே தண்ணீரைப் பற்றித்தான் முதலில் கேட்பான். அம்மா பெருமையாகச் சொல்வாள். தன் தண்ணீரால்தான் செடி போனது என்று தெரிந்த பிறகு அவள் முகத்தை நான் எப்படிப் பார்ப்பேன்? இந்த ஒரு இலை பிழைத்தால் போதும், கேள்வியே வராது. பாப்பாவின் மூச்சைப் பார்க்கிறேன், இலையைப் பார்க்கிறேன். அடியில் பச்சையாக ஒரு புள்ளி தெரிகிற மாதிரி இருக்கிறது. திரும்பப் பார்த்தால் நீர்த்துளி.

அம்மா இன்றைக்கும் டம்ளரைக் கொண்டுவந்தாள். டப்பாவை நானே பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லியிருப்பதால் என் கையில்தான் கொடுப்பாள்.

“ஊத்திட்டியா?” என்று அடுப்படியிலிருந்து குரல்.

“ஊத்திட்டேம்மா.”

தினமும் அதை நான்தான் குடிக்கிறேன், மைனி. ஒரு சொட்டு மிச்சம் வைப்பதில்லை.