கொழுந்தியாள் வழியனுப்ப வந்த நாள்

ஊரே முகத்தில் துணியைக் கட்டிக்கொண்டு திரிந்த வருஷம் மலைக்கு பஸ் வரவில்லை. பலா வாங்கக் கீழேயிருந்து ஒரு லாரியும் ஏறவில்லை. பழம் மரத்திலேயே பழுத்து விழுந்து நாறியது. அந்த வாசனைக்குக் கரடி வாசல்வரை வந்துபோனது. அந்த வருஷம் ஐப்பசி மழையில்தான் என் வீட்டுக்காரி போய்ச் சேர்ந்தாள். அடுத்த வருஷம் பஸ் திரும்ப ஓடத் தொடங்கியபோது, மலைமேல் வளப்பூர் நாட்டில் இருக்கும் எங்கள் ஊருக்கு நீங்கள் வந்தீர்கள், நர்சம்மா. எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. வருஷங்களை இப்படித்தான் வைத்திருக்கிறேன். நான் கடையில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல இதை எழுதுவது டீக்கடைப் பழனி.

இன்று காலை புது நர்சம்மா வந்து என் கால் புண்ணைத் துடைத்தார். பஞ்சில் மருந்தை ஊற்றியதும் ஒரு வாடை எழுந்தது பாருங்கள், அதோடு உங்கள் முகமும் வந்துவிட்டது. இப்போது பொழுது சாயப் போகிறது. இன்றைக்குள் எனக்கு ஒரு செய்தி வர வேண்டும். அது எப்படிப்பட்ட செய்தி என்று தெரியவில்லை. நெஞ்சு அடித்துக்கொள்கிறது. "பயம் வந்தா கையச் சும்மா வெக்காதீங்க, ஒரு வேலையக் குடுங்க" என்பீர்கள். பழனி காயப் போட வைத்திருந்த மிளகுக் கொத்துகளை மடியில் போட்டு உதிர்த்துக்கொண்டே பேசுகிறேன். கை ஓடுகிறது. நெஞ்சுதான் கேட்க மாட்டேன் என்கிறது.

எங்கள் ஊரில் நீங்கள் பார்க்க வந்த கிழடுகள் மூன்று பேர். நான், என் பங்காளி அறப்பளி, மேல்தெருவில் இருக்கும் என் கொழுந்தியாள். என் வீட்டுக்காரிக்கு நேர் தங்கை. முதல் நாள் ஊசி, மாத்திரை எல்லாம் முடிந்து நீங்கள் கிளம்பியபோது மூன்று பேரும் எழுந்தோம். நீங்கள் கையைக் காட்டி உட்கார வைத்துவிட்டீர்கள்.

"வேண்டாமுங்க, உக்காருங்க. முட்டி வலிக்கும். நானே போய்க்கிறனுங்க."

நீங்கள் போன பிறகு நாங்கள் ஒருவர் மூஞ்சியை ஒருவர் பார்த்தோம். வந்தவரை எல்லைக்கல் வரைக்கும் வீட்டுக்குப் பெரியவர் கூடப் போய் அனுப்ப வேண்டும் என்பது எங்கள் ஊர் வழக்கம். வேண்டாம் என்று ஒருவர் சொன்னால், இனி உங்கள் வாசலை மிதிக்க மாட்டேன் என்று அர்த்தம்.

"கோவிச்சிட்டுப் போயிட்டாங்கடா" என்றான் அறப்பளி. "டீத்தண்ணி ஆறிப்போயிருந்துச்சோ என்னமோ."

"டீத்தண்ணிக்கு என்ன? உன்ற மூஞ்சியப் பாத்துட்டு யாரு திரும்பி வருவாங்க" என்றாள் என் கொழுந்தியாள். சொல்லிவிட்டு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அடுத்த முறை நீங்கள் வந்ததும் அறப்பளி நேராகவே கேட்டுவிட்டான்: "ஏனுங்க, நாங்க என்ன தப்புப் பண்ணுனோம்?" விஷயம் தெரிந்து நீங்கள் தலையில் கை வைத்துக்கொண்டு சிரித்தது இன்னும் காதில் இருக்கிறது. அதன் பிறகு நீங்கள் எங்களைத் தடுத்ததே இல்லை. இந்த வழக்கத்தில் இன்னொன்றும் உண்டு. பெரியவர் வழியனுப்பப் போகும்போது சின்னவர்கள் கூட வரக்கூடாது. வந்தால், எங்கள் கிழவிக்கு ஒண்டியாக நடக்க முடியாது என்று ஊருக்குத் தண்டோரா போட்ட மாதிரி. இதை நீங்கள் மனதில் வாங்கி வைத்திருந்தீர்கள் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

பலா முடிந்து மழை பிடித்த சமயம். கொழுந்தியாளின் மேல்கையில் நாவல்பழம் நசுக்கினாற்போலக் கருப்பு. உடம்பும் இளைத்திருந்தது. நீங்கள் கையைப் பார்த்தீர்கள். அவள் வாயைத் திறக்குமுன் அவள் மகன் செல்வராசு பேசினான்.

"கெழங்குக் காட்டுல வழுக்கி உழுந்துட்டுதுங்க. மத்தபடி நல்லாத்தான் இருக்குது."

அவளும் ஆமாங்க என்றாள். நீங்கள் மேலே ஒன்றும் கேட்கவில்லை. பையைக் கட்டினீர்கள். "அப்ப நான் வாரேன். அம்மா, என்னைய வழியனுப்ப மாட்டீங்களா?" என்றீர்கள். செல்வராசு எழுந்தான். என்ன நினைத்தானோ, திரும்ப உட்கார்ந்துவிட்டான்.

நானும் கூட வந்தேன். அவள் என் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். அடித்தானா, திட்டினானா என்று நீங்கள் கேட்பீர்கள் என்று நான் காத்திருந்தேன். நீங்கள் கேட்டது வேறு.

"நேத்து என்ன சாப்ட்டீங்கம்மா?"

"காலையில ஒரு கை களிங்க."

"அப்பறம்?"

"அப்பறம் எதுக்குங்க? நெறையத் தின்னா வெளிய கூட்டிட்டுப் போவோணும். மருமவ திருப்பூர் கம்பெனிக்குப் போயிட்டா. அவனுக்குக் காட்டுக்கு நேரமாவுதில்ல. படுக்கையிலயே போயிட்டன்னா ஆம்பளப் பையன் தொவைக்கோணும்."

"கையி?"

"இழுத்தானுங்க. நானும் வெரசா நடக்கல பாருங்க."

அடிபட்டவள் தன் மேலேயே குற்றத்தைப் போட்டுக்கொண்டாள். எனக்குக் கொதித்துப் போயிற்று. இப்பவே ஊர்க்கவுண்டரிடம் போகிறேன் என்று திரும்பினேன். ஊர்க்கவுண்டர் கூட்டம் போட்டால் அவன் ஊர் நடுவில் மண்ணில் விழுந்து மன்னிப்புக் கேட்க வேண்டும். அவள் அந்த ஈரத் தரையிலேயே உட்கார்ந்து என் காலைப் பிடித்துக்கொண்டாள். "மாமா, வேண்டாம். பெத்த மவன ஊரு நடுவுல நிக்க வெச்சவன்னு எனக்குப் பேரு வேண்டாம். அதுக்கு நான் பட்டினியாவே கெடக்கறன்."

நீங்கள் அவளைத் தூக்கி நிறுத்தினீர்கள். "மொதல்ல சோறு உள்ள போவட்டுமுங்க. ஞாயம் அப்பறம் பேசலாம்" என்று என்னிடம் சொன்னீர்கள். உண்மையைச் சொல்கிறேன், அன்று உங்கள் மேல் எனக்குக் கோபம்தான் வந்தது. தப்புச் செய்தவனுக்குப் பரிந்து பேசுகிறார், கீழ்நாட்டுக்காரர்களுக்கு எங்கள் மலை ஞாயம் என்ன தெரியும் என்று நினைத்தேன்.

நீங்கள் பஸ்ஸை விட்டுவிட்டுத் திரும்பி அவர்கள் வீட்டுக்குப் போனீர்கள். செல்வராசு வாசலில் நடுவதற்குக் கிழங்குக் குச்சியை வெட்டிக்கொண்டிருந்தான். பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, "ஏந்தம்பி, நல்லாத் தூங்கி எத்தன நாளாச்சு?" என்றீர்கள். அவன் அரிவாளைக் கீழே வைத்தான். அவ்வளவு பெரிய ஆள் அழுததை நான் அன்றுதான் பார்த்தேன். அழுது முடிக்கும்வரை விட்டீர்கள். பிறகு அதே குரலில், "உன்ற கஷ்டம் தெரியுது சாமி. அதுக்கு வழி பண்ணலாம். ஆனா இன்னொருக்கா அந்தக் கையில கருப்பப் பாத்தன்னா உன்கிட்டப் பேச மாட்டேன், போலீசுகிட்டத்தான் பேசுவேன்" என்றீர்கள். அதட்டவில்லை. அதனால்தானோ என்னவோ, அவனுக்கு அது உறைத்தது.

நீங்கள் சொன்னபடி அவனே ஒரு பிளாஸ்டிக் சேரின் நடுவில் ஓட்டை அறுத்து, அடியில் வாளி வைத்து, வீட்டுக்குப் பின்னால் சாக்குத் தட்டி கட்டி மறைத்தான். பார்க்கப் போன என்னிடம் கொழுந்தியாள் கேட்டாள்: "எப்பிடி மாமா எஞ் சிம்மாசனம்?"

"ராசாத்திக்கு மூக்கு மட்டுந்தான் கொஞ்சம் பொத்திக்கோணும்" என்றேன்.

அன்றைக்கு அவள் சிரித்த சிரிப்பில் அக்காளின் சாடை இருந்தது. இரண்டு வேளை, பிறகு மூன்று வேளை என்று சாப்பிடத் தொடங்கினாள். எனக்கும் நீங்கள் ஒரு வேலை கொடுத்தீர்கள். "தெனம் ஒருக்கா அவங்க வாசல்ல நின்னு ரெண்டு வார்த்த பேசுங்க. ஆளு பாக்குதுன்னு தெரிஞ்சா கை நீளாதுங்க. மவன்கிட்டயும் பேசுங்க, அவன ஒதுக்காதீங்க." வீட்டுக்காரி போன பிறகு விடிவதே எதற்கு என்று கிடந்தவன் நான். அதற்கும் சேர்த்துத்தான் அந்த மருந்தைக் கொடுத்தீர்கள் என்று இப்போது நினைக்கிறேன்.

நீங்கள் கண்ணை மூடிய சேதியை பஸ் கண்டக்டர் சொல்லித்தான் கேட்டோம். உங்களுக்கு உடம்புக்கு முடியாமல் இருந்ததே எங்களுக்குத் தெரியாது. காளப்பநாயக்கன்பட்டிப் பக்கம் உங்கள் வீட்டுக்கு நாங்கள் விசாரித்துக்கொண்டு இறங்குவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. எங்களை எத்தனையோ முறை கூட நடக்க விட்ட உங்களை, கடைசியில் நாங்கள் ஒருவரும் வழியனுப்பவில்லை. அதை அறப்பளிதான் சொல்லிச் சொல்லி மாய்ந்தான். இந்தத் தை பிறந்து அவனும் போய்விட்டான்.

புது நர்சம்மா நல்ல பிள்ளைதான். ஆனால் அவருக்குப் பார்க்க வேண்டிய ஊர்கள் அதிகம். வண்டி வாசலுக்கே வரும், வாசலிலிருந்தே போய்விடும். இதற்கிடையில் என் காலில் புண் வந்தது. மேல்தெரு ஏற முடியவில்லை. வாசலில் நின்று பேசும் என் வேலை நின்றுபோயிற்று. கடைக்கு வந்தவர்களிடம் விசாரித்தால், அந்த வீட்டுக் கதவு வெளியே தாழ் போட்டபடியே இருக்கிறது என்றார்கள். ஒருநாள் செல்வராசையே நிறுத்திக் கேட்டேன்.

"அம்மா எங்கடா?"

"தூங்குது பெரியப்பா."

மறுநாள் கேட்டேன். தூங்குது. அதற்கு அடுத்த நாளும் தூங்குது. கண்ணைப் பார்த்துச் சொல்லவில்லை. அவனும்தான் மெலிந்திருந்தான். மருமகள் பொங்கலுக்கு வந்து திரும்பிப் போனவள், மறுபடி மலை ஏறவில்லை.

அதனால் இன்று காலை கட்டுப் போட்டு முடித்ததும் புது நர்சம்மாவிடம் சொன்னேன்: "அம்மிணி, நடந்து வா. நான் வழியனுப்பறன்."

"ஐயோ தாத்தா! இப்பத்தான் கட்டுப் போட்டிருக்கேன், நடக்கறேங்கறீங்க. வண்டி நிக்குதுங்க."

"வண்டி முன்னால போவட்டும். எல்லைக்கல்லாண்ட நிக்கச் சொல்லு. கெழவன் சொல்றன், இன்னிக்கு ஒருநாள் கேளு கண்ணு."

என் குரலில் என்ன இருந்ததோ, அவர் டிரைவரைப் பார்த்துத் தலையசைத்தார். நேர் வழியை விட்டு மேல்தெரு வழியாகக் கூட்டிப் போனேன். போகும்போதே சொல்ல வேண்டியதைச் சொன்னேன். செல்வராசு வாசலில் இருந்தான். அவர் உள்ளே பார்க்க வேண்டும் என்றதும், மறுக்க முடியாமல் தாழை எடுத்தான்.

நர்சம்மா, அந்த ஓட்டைச் சேர் வீட்டுக்குள் கிடந்தது, அதன் மேல் உர மூட்டை ஏறியிருந்தது. அதைப் பார்த்ததுமே எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது. அவள் மூலையில் பாயில் கிடந்தாள். உதடு வெடித்து, கண் உள்ளே போய். "பாட்டி, நல்லா இருக்கீங்களா?" என்று கேட்டதற்கு, மகன் நின்ற பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு, "நல்லா இருக்கறனுங்க" என்றாள்.

எனக்கு வேறு வழி தெரியவில்லை. "கொழுந்தியா, இந்த அம்மிணி கெளம்புது. வழியனுப்ப வாரியா?" என்றேன்.

"அது எப்பிடி பெரியப்பா நடக்கும்?" என்றான் அவன்.

அவள் கையை நீட்டினாள். ஒரு பக்கம் நான், ஒரு பக்கம் புது நர்சம்மா. எடையே இல்லை. அவன் வாசற்படியோடு நின்றுவிட்டான். அந்த மரியாதை மட்டும் அவனிடம் மிச்சம் இருந்தது. எல்லைக்கல் எங்கே, அவள் எங்கே? பக்கத்து வீட்டு மிளகுக் கொடி ஏறிய மரம் வரைக்கும்தான் முடிந்தது. அங்கே மரத்தைப் பிடித்துக்கொண்டு, "நீ கொஞ்சம் தள்ளிப் போ மாமா" என்றாள். போனேன். அவள் அந்த நர்சுப் பிள்ளையின் காதோடு பேசினாள். பேசப் பேச அதன் முகம் மாறியது. என்ன சொன்னாள் என்று நான் கேட்கவில்லை. கேட்கவும் மாட்டேன்.

உடம்பில் தண்ணீரே இல்லை, உடனே கீழே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும் என்று வண்டியை மேல்தெருவுக்கே வரவழைத்தார் புது நர்சம்மா. வண்டி கிளம்பிய பிறகு செல்வராசு என்னிடம் வந்தான்.

"காட்டிக் குடுத்துட்டீங்களே பெரியப்பா."

"ஆமாண்டா" என்றேன். "மொதல்ல அவ வாயில தண்ணி போவட்டும். அப்பறம் நீயும் நானும் பேசலாம்." கோபத்தில் சொல்லவில்லை. உங்களிடமிருந்து என்னிடம் தங்கியது அந்த ஒரு பேச்சுதான். அது என் வாயிலேயே வரும் என்று நான் நினைத்ததில்லை.

கூட நான் போகாததற்குக் காரணம் அவன்தான். தப்புச் செய்தவனை ஒண்டியாக விட்டால் அவன் அரளி விதையைத் தேடுவானோ, அரிவாளைத் தேடுவானோ என்று பயம். கடைக்கு எதிர்த்த கல்லில் உட்கார வைத்திருக்கிறேன். கொடுத்த டீ ஏடு கட்டிக் கிடக்கிறது. சேதி வந்தால் பழனியின் போனுக்குத்தான் வரும். அவள் திரும்பி வந்தால் எந்த வீட்டுக்கு வருவாள், யார் சோறு போடுவார்கள், போலீஸ் வருமா, ஊர் என்னை என்ன சொல்லும்? ஒன்றும் தெரியவில்லை. நீங்கள் இருந்தால் கேட்பேன்.

போன் அடிக்கிறது. எழுதுவதை நிறுத்து பழனி.

பேசிவிட்டேன், நர்சம்மா. போனைக் காதில் வைத்ததும் போய்விட்டாள் என்றுதான் நினைத்தேன். புது நர்சம்மா சொன்னார்: "தாத்தா, குளுக்கோஸ் ஏறுதுங்க. முழிச்சிருக்காங்க. பேரு கேட்டா 'செல்வராசு அம்மா, செல்வராசு அம்மா'ன்னே சொல்றாங்க. இங்க அப்பிடி எழுத மாட்டாங்களாம். பாட்டி பேரு என்னங்க?"

அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட அவளுடைய அக்காள் இருந்தாள், அறப்பளி இருந்தான். இரண்டு பேரும் இல்லை. நீங்களும் இல்லை. நீங்கள் பார்த்துவந்த எங்களில் என்னோடு மிச்சம் இருக்கும் ஒரே உயிர் அவள். எதிரே கல்லில் குனிந்து உட்கார்ந்திருந்தவனும் தலை நிமிர்ந்து பார்க்கும்படி போனில் கத்திச் சொன்னேன்:

"அரங்காயி."