பெருவிரலை மட்டும் விட்டுவைத்தது குறித்து

அனுப்புநர்:
ச. தனக்கொடி, எம்.காம்., (வயது 44)
த/பெ. (காலஞ்சென்ற) சம்மந்தம்,
ஏரிக்கரைத் தெரு, உறுவையாறு,
வில்லியனூர் கொம்யூன், புதுச்சேரி.

பெறுநர்:
காவல்துறைக் கண்காணிப்பாளர் அவர்கள்,
புதுச்சேரி.

பொருள்: என் அண்ணன் உலகநாதனின் விரல்களை வெட்டியவர்களைக் கைது செய்யவும், அவர் உயிருக்குப் பாதுகாப்பு அளிக்கவும் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. இன்று காலை எழுந்ததும் முதல் வேலையாக, எங்கள் வாசற்படியில் காய்ந்திருந்த இரத்தத்தின் மேல் அன்னக்கூடையைக் கவிழ்த்து, அதன்மேல் ஒரு செங்கல்லை வைத்தேன். வாசல் தெளிக்கவில்லை. தங்கள் காவலர்கள் வந்து பார்க்கும்வரை தெளிக்கப் போவதுமில்லை. அந்த இரத்தம் என் அண்ணனுடையது.

2. எங்கள் கரும்புக்கொல்லை, அரிகரன் என்பவர் போட்டுவரும் மனைப்பிரிவின் நடுவில் இருக்கிறது. அண்ணன் விற்க மறுத்தார். கடந்த நவம்பரில் அரிகரனின் ஆட்கள் மூவர், மோட்டார் கொட்டகையில் வைத்து மண்வெட்டிக் காம்பால் அவருடைய தோள் எலும்பை உடைத்தார்கள். அவர்களில் சுபாஷ் என்பவன், கீழே கிடந்தவரிடம், "இன்னா உலகநாதா, ரெஜிஸ்தர் ஆபீசுக்கு வர்றியா, பெரியாஸ்பத்திரிக்குப் போறியா? ரெண்டுக்கும் வண்டி எங்களுதுதான்" என்று கேட்டுச் சிரித்திருக்கிறான்.

3. நான் அதே அரிகரனின் அலுவலகத்தில்தான் வேலை செய்கிறேன். அன்றே விட்டிருக்க வேண்டும். விட்டால் அண்ணனைப் பற்றி அங்கே என்ன பேசுகிறார்கள் என்று தெரியாமல் போய்விடும் என்று இருந்துவிட்டேன். மனை விளம்பரங்களை மின்னஞ்சலில் அனுப்புவதும், அவை ஸ்பேம் என்னும் குப்பைப் பெட்டியில் விழாமல் பார்த்துக்கொள்வதும் என் பொறுப்பு. அதற்கு "அவசரம்", "உடனே" போன்ற சொற்கள் ஆகாது. கனமான படங்கள் ஆகாது. தலைப்பு அடக்கமாக இருக்க வேண்டும். முடிவில் பதில் எழுதத் தூண்டும் சிறிய கேள்வி ஒன்று இருப்பது நல்லது.

4. நவம்பரில் நடந்ததை ஓர் அரசு அலுவலகத்துக்கு மின்னஞ்சலில் எழுதினேன். முன்பின் அறியாதவளின் கடிதம் ஸ்பேமில் விழுந்து யார் கண்ணிலும் படாமல் போய்விடுமோ என்பதே என் பயம். "கொலை மிரட்டல்" என்று எழுதி, அழித்தேன். எக்ஸ்ரே படத்தை எடுத்துவிட்டேன். "உறுவையாற்றிலிருந்து ஒரு வேண்டுகோள்" என்று தலைப்பிட்டேன். "தங்கள் ஆலோசனை என்ன?" என்று முடித்தேன். கடிதம் சரியாகப் போய்ச் சேர்ந்தது. பதிலும் வந்தது: தகவலுக்கு நன்றி, இருதரப்பும் அமர்ந்து பேசிக்கொள்ளலாம். எழுதியவர்மேல் எனக்குக் குறையில்லை. ஆலோசனை கேட்டேன், சொன்னார். வலியை எல்லாம் எடுத்துவிட்டு அனுப்பியவள் நான்.

5. அந்தப் பதிலை நம்பி, தோள் ஆறியதும் அண்ணன் கடந்த புதனன்று அரிகரனிடம் பேசப் போனார். உயிரோடு இருக்கும்வரை கொல்லையைத் தர முடியாது என்று சொல்லிவிட்டு வந்தார்.

6. நேற்று விளக்கு வைக்கும் நேரத்தில் அந்த மூவரும் வீட்டுக்கு வந்தார்கள். மாட்டுக்கொட்டகையில் இருந்த அண்ணனைத் தலைமுடியைப் பிடித்து இழுத்துவந்து, முகத்தை வாசற்படியில் மோதினார்கள். தடுத்த அண்ணி பாக்யலட்சுமியை வயிற்றில் உதைத்தார்கள். ஒருவன் அண்ணனின் முதுகில் ஏறி உட்கார, இன்னொருவன் அவருடைய இடது கையைப் படியில் அழுத்திக் கரும்பு வெட்டும் கத்தியை ஓங்கினான். நான் சுபாஷின் சட்டையைப் பிடித்துத் தொங்கினேன். அவன் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் கத்தி வைத்திருந்தவனிடம் சொன்னான்: "பெருவிரல மட்டும் வுட்டு வைடா. பத்திரத்துல ரேகை வைக்கணும்."

மற்ற நான்கு விரல்களும் போயின. பொங்கல் கழிந்ததும் பதிவுக்கு வராவிட்டால் அடுத்தது கழுத்து என்று சொல்லிப் போயிருக்கிறார்கள்.

7. ஆகவே இம்மனுவைக் கையால் எழுதி நேரில் தருகிறேன். அன்று அழித்த சொற்களை இங்கே எழுதுகிறேன். இது கொலை மிரட்டல். அவசரம். உடனே வாருங்கள். மூவரையும், அவர்களை ஏவிய அரிகரனையும் கைது செய்து, அரசு மருத்துவமனையில் கிடக்கும் என் அண்ணனுக்குக் காவல் போடுங்கள். படங்களை இணைத்துள்ளேன். பார்க்கக் கடினமானவை. பார்க்க வேண்டுகிறேன்.

8. இன்று காலை அரிகரன் எனக்குச் செய்தி அனுப்பியிருந்தார். மனைத் திறப்பு விழா அழைப்பிதழ் நாளை காலை வாடிக்கையாளர்களுக்குப் போய்விடும்தானே என்று கேட்டிருந்தார். போகும் என்று பதில் போட்டேன். ஆனால் போகப்போவது அழைப்பிதழ் அல்ல. இந்த மனு, படங்களோடு. இந்த ஒரு கடிதத்தைத் தாங்கும் அளவுக்கு, விளம்பரங்கள் போகும் அந்த அலுவலக மின்னஞ்சல் முகவரிக்கு நான் நம்பிக்கை சேர்த்து வைத்திருக்கிறேன்; இது ஸ்பேமில் விழாது. அண்ணியிடம்கூட இன்னும் சொல்லவில்லை.

இடம்: உறுவையாறு
நாள்: 09.01.2026

இப்படிக்கு,
ச. தனக்கொடி