எண்ணூற்று இருபத்து மூன்றில் ஒருத்தி

2016 மார்ச் 9, புதன்

கிழக்குக் காற்று நான்காவது நாளாக விடவில்லை. ஊருக்கு மேலே நிற்கும் பாறையின் தலையில் மேகம் உட்கார்ந்துகொண்டு எழுந்திருக்க மாட்டேன் என்கிறது. கொடியில் போட்ட போர்வை இன்னும் சொதசொதவென்று இருக்கிறது.

நாலு மணிக்கு சோலே வந்தாள், எனக்குத் தங்கை முறை. முதியோர் இல்லத்தில் சமையல் முடித்து, எல்லை வேலியைத் தாண்டி ஸ்பெயின் பக்கத்து லா லினேயாவில் இருக்கும் தன் வீட்டுக்குப் போவதற்கு முன்னால் இங்கே ஏறி இறங்குவது அவள் வழக்கம். என் புருஷன் ஏர்னி படுக்கையில் கிடந்த இரண்டு வருடமும் அவனுக்கு ஊட்டிவிட வந்தாள். ஏர்னி போய் எட்டு மாதம் ஆகிறது. கால் பழகிவிட்டதாம்.

"இஸ்மா போலீஸ் தேர்வு பாஸ் பண்ணிட்டான்க்கா."

"யாரைப் பிடிக்கப் போறானாம் உன் பையன்?"

"மொதல்ல உன்னைத்தான். வாரா வாரம் சிகரெட் கடத்துறல்ல."

"ரெண்டு பாக்கெட்டும் உனக்குத்தானடி."

கடலை மாவு அடையில் பாதியைத் தின்றுவிட்டுப் போனாள். இவள் வராவிட்டால் நான் பேசும் சத்தமே எனக்கு மறந்துபோகும்.

2016 ஜூன் 21, செவ்வாய்

மருந்துக் கடையில் முதலாளி எல்லோருக்கும் ஆளுக்கொரு பிரச்சார வில்லை கொடுத்தார். 'ஐரோப்பாவோடு இருப்போம்.' சட்டையில் குத்திக்கொண்டேன். ஊரே குத்திக்கொண்டிருக்கிறது. நாளை மறுநாள் ஓட்டு. எங்களை ஆளும் லண்டன் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டுப் போனால், முந்நூறு வருடமாக இந்தப் பாறை தன்னுடையது என்று சொல்லிவரும் ஸ்பெயின் வேலியை இறுக்கும். பள்ளிப் பிள்ளைகூட இதைச் சொல்லும். இறுக்கினால் என்ன ஆகும் என்பதும் எல்லோருக்கும் தெரியும். எனக்கு எட்டு வயதில் மூடிய கேட், மறுபடி கால்நடையாகப் போக விட்டபோது எனக்கு இருபத்தொன்று. அம்மா வேலிக்கு இந்தப் பக்கம் நின்று, அந்தப் பக்கம் இருந்த தன் தம்பியிடம் தொண்டை கிழியக் கத்திப் பேசுவாள். காற்று எதிராக அடித்தால் பாதி வார்த்தை வராது.

எல்லாம் தெரியும். தெரிந்தும் கை ஏன் இப்படி அரிக்கிறது?

2013 ஆகஸ்ட். ஞாயிற்றுக்கிழமை. சோலே வீட்டில் சாப்பிட்டுவிட்டுத் திரும்புகிறோம். கடலுக்குள் எங்கள் ஆட்கள் கான்கிரீட் கட்டைகளைப் போட்டார்கள், ஸ்பெயின் மீனவர்களின் வலை கிழிகிறது என்று தகராறு. அதற்காக ஒவ்வொரு காராக நிறுத்தி, டிக்கியைத் திறந்து, துண்டை உதறிப் பார்த்தார்கள். நான்கு மணி நேரம். முன்னாலும் போக முடியாது, திரும்பவும் முடியாது. ஏர்னியின் வாய் ஒரு பக்கமாக இழுத்தது. நான் இறங்கி ஓடினேன், ஒரு சீருடைக்காரனின் கையைப் பிடித்தேன். "வண்டிக்குப் போங்க சென்யோரா, வெயில் எல்லாருக்கும்தான்" என்றான்.

வெயில் எல்லாருக்கும்தான்.

அதன் பிறகு ஏர்னி ஒரு வார்த்தை பேசவில்லை. இரண்டு வருடம்.

2016 ஜூன் 23, வியாழன்

'வெளியேறுவோம்' என்ற கட்டத்தில் குறியிட்டேன். மூடினால் மூடட்டும். மூடிய வாசலில் வரிசை நிற்காது.

வில்லையைச் சட்டையிலேயே வைத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

2016 ஜூன் 24, வெள்ளி

பாறையில் 'இருப்போம்' என்றவர்கள் பத்தொன்பதாயிரத்துச் சொச்சம். வெளியேறுவோம் என்றவர்கள் எண்ணூற்று இருபத்து மூன்று. ஆனாலும் லண்டன் வெளியேறுகிறது. எங்கள் மொத்த ஊரும் அந்தப் பெரிய கணக்கில் ஒரு துளி. என் ஓட்டு அந்தத் துளியிலும் துளி. அதனால் ஒன்றும் மாறவில்லை. நான் போடாவிட்டாலும் இதேதான். காலையிலிருந்து இதையே எனக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

சோலே மத்தியானமே வந்துவிட்டாள். கண் சிவந்திருந்தது.

"எண்ணூத்து இருபத்து மூணு பேர்க்கா. யாரு அந்தக் கிறுக்குங்க? இதே தெருவுல நடமாடுறாங்க, ரொட்டி வாங்குறாங்க. எங்க சமையக்கட்டுல எல்லாரும் பேர் சொல்லிட்டு இருக்கோம்."

"யார் பேரைச் சொன்னீங்க?"

"வேற யாரு? உன் கீழ்வீட்டு வால்டர்தான். பால்கனி முழுக்க உங்க ராணி கொடியைத் தொங்கவிட்டுக்கிட்டு, எங்களைக் கண்டா மூக்கைச் சுளிக்கிற கிழம்."

நான், "இருக்கும்" என்றேன்.

அந்த ஒரு வார்த்தையைச் சொல்லியிருக்க வேண்டாம்.

2017 பிப்ரவரி 15, புதன்

வால்டரின் கதவில் யாரோ மையால் 823 என்று எழுதியிருக்கிறார்கள். அவர் சுரண்டிக்கொண்டிருந்தார். நான் கைப்பையில் சாவியைத் தேடுவதுபோல் குனிந்துகொண்டு ஏறிவிட்டேன்.

2018 மே 3, வியாழன்

மாடிப்படியில் வால்டர் மூச்சு வாங்க உட்கார்ந்திருந்தார். கப்பல் பட்டறையில் கணக்கராக இருந்தவர், எழுபத்தொன்பது வயது. சாமான் பையைத் தூக்கிக் கொடுத்தேன்.

"நீ ஒருத்திதான் இன்னும் என்னோட பேசுற ஐடா" என்றார். "நான் 'இருப்போம்'னுதான் போட்டேன். எனக்கு வேலிக்கு அந்தப் பக்கத்து ஆளுங்களைப் பிடிக்காது, மறைக்கலை. ஆனா மறுபடி அந்தக் கேட்டை மூடுறதைப் பாக்கணும்னா எனக்குப் பைத்தியம் பிடிச்சிருக்கணும். சொன்னா ஒருத்தனும் நம்பல."

"நான் நம்பறேன்" என்றேன்.

ரொம்ப நன்றி என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். கை குளிர்ந்திருந்தது. வீட்டுக்கு வந்து இரண்டு முறை சோப்புப் போட்டுக் கழுவினேன். எதைக் கழுவினேன்?

2019 நவம்பர் 12, செவ்வாய்

வால்டர் அடக்கம். அவருடைய அண்ணன் மகள், பாதிரியார், நான். வேறு இரண்டு பேர் மழைக்கு ஒதுங்கியவர்கள் மாதிரி இருந்தார்கள். சோலேயைக் கூப்பிட்டேன். "அந்தாளுக்கா? மெழுகுவர்த்தி வேஸ்ட்டு" என்றாள்.

அப்போதாவது சொல்லியிருக்கலாம்.

2020 ஜனவரி 31, வெள்ளி

இன்றோடு ஒன்றியத்தை விட்டுப் போய்விட்டோம். வேலியோரம் ஐரோப்பாவின் நீலக் கொடியை இறக்கினார்கள். சோலே தொலைபேசியில், "இனிமே நான் வந்து உங்க கிழவிங்களுக்குச் சூப்பு ஊத்தறதுக்கு உங்க ராணி கையெழுத்துப் போடணுமாக்கா?" என்று சிரித்தாள். நானும் சிரித்தேன். சிரிப்பு நன்றாகவே வருகிறது எனக்கு. நாலு வருடப் பழக்கம்.

2023 டிசம்பர் 7, வியாழன்

இஸ்மாவுக்கு மாற்றல் கிடைத்துவிட்டது. வீட்டுக்குப் பக்கத்திலேயே வேலை வேண்டும் என்று ஏழு வருடம் மனுப் போட்டான். வேலியில், அந்தப் பக்கத்துக் கூண்டில் உட்காரப்போகிறான். சோலேக்குத் தாங்க முடியாத பெருமை. "தினமும் வேலைக்குப் போறப்ப என் பையன் மூஞ்சியைப் பாத்துட்டுப் போவேன்" என்கிறாள்.

நன்றாக இருக்கட்டும். அவன் மேல் எனக்கு என்ன கோபம்? அந்தச் சீருடையைத்தான் பார்க்க முடியவில்லை.

2024 அக்டோபர் 19, சனி

எழுத உட்கார்ந்து எழுந்து, மறுபடி உட்கார்ந்திருக்கிறேன். வரிசையாக எழுதுகிறேன்.

ஒரு வாரமாக வேலியில் கெடுபிடி. இத்தனை வருடம் அடையாள அட்டையைக் காட்டினால் தலையாட்டி விட்டுவிடுவார்கள். ஒன்றியத்தில் இல்லாத நாட்டுக்காரர்கள்தானே நீங்கள், பாஸ்போர்ட்டைக் காட்டுங்க, முத்திரை குத்தணும் என்று புதிதாக ஆரம்பித்திருக்கிறார்கள். சோலே மத்தியானச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டிருந்தாள். போனேன். கூண்டில் இஸ்மா.

"பாஸ்போர்ட், சென்யோரா" என்றான்.

பெரியம்மா என்று சொல்லவில்லை. அவன் பின்னால் மேலதிகாரி நின்றான், அது எனக்குத் தெரிந்தது. தெரிந்தும் என்ன?

"எங்க போறீங்க?"

"உங்க அம்மா வீட்டுக்கு."

"எத்தனை நாள் தங்குவீங்க?"

"சாப்பிட்டு முடிக்கிற வரைக்கும்."

அவன் காது சிவந்தது. குத்தினான். ஆறு மாதத்தில் தொண்ணூறு நாள்தான் தங்கலாம், அந்தக் கணக்கு என்று ஏதோ சொன்னான். என் தங்கை வீட்டுக்குப் போக எனக்குத் தொண்ணூறு நாள் கணக்கு.

சோலே வீட்டில் நெத்திலி வறுத்துக்கொண்டிருந்தாள். நான் பையைக்கூட வைக்கவில்லை.

"உன் பையன் என்னை யாருன்னே தெரியாத மாதிரி கேக்கறான்டி. சீருடை போட்டா எல்லாம் ஒரே சாதியாயிடறானுங்க."

"அவனை ஏன் திட்டற? சட்டம் அவன் போட்டதா? வெளிய போனது உங்க ஆளுங்க. வயித்தெரிச்சலா இருந்தா அந்த எண்ணூத்து இருபத்து மூணு பேர் வீட்டு வாசல்ல போய்க் கத்து."

"கத்தறதுக்கு எங்கயும் போக வேண்டாம். அதுல நான் ஒருத்தி."

வாயிலிருந்து வந்துவிட்டது. எட்டு வருடம் பல்லுக்குப் பின்னால் வைத்திருந்தது இவ்வளவு சுலபமாக வந்துவிட்டது.

சோலே முதலில் சிரித்தாள். என் முகத்தைப் பார்த்தாள். அடுப்பை அணைத்தாள். எண்ணெய் கொஞ்ச நேரம் தானாகச் சடசடத்து அடங்கியது.

"எதுக்கு?"

"ஏர்னிக்காக. அந்த வரிசைக்காக."

"அந்த வரிசையில நான் இல்லையா?" மெதுவாகத்தான் கேட்டாள். கத்தியிருந்தால் தேவலை. "ராத்திரிச் சமையலுக்கு நானும் உங்க கார்லதானே வந்தேன்? நீ எறங்கி ஓடிட்ட. பின்சீட்டுல அவர் தலை யார் மடியில இருந்துச்சு? யார் பாவாடையில வாந்தி எடுத்தாரு? அப்பறம் ரெண்டு வருஷம், எட்டு மணி நேரம் அடுப்புல நின்னுட்டு, படியேறி வந்து வாயில ஊட்டினது யாரு? நானும் அந்த வேலிக்கு இந்தப் பக்கத்து ஆளுதான்க்கா. நீ மூடணும்னு நெனச்ச கதவு என் கதவு."

"உன்னை நெனச்சுப் போடல சோலே."

"அதைத்தான் சொல்றேன். என்னை நெனைக்கவே இல்ல."

பிறகு இன்னொன்று கேட்டாள்.

"வால்டர் பேரை நான் சொன்னப்ப 'இருக்கும்'னு சொன்னியே. அந்த மனுஷன் கதவுல எழுதினது எங்க சமையக்கட்டு ஆளுங்கதான். எனக்குத் தெரியும். நான் தடுக்கல. அவர் சாவுக்கும் நான் வரல. என்னையும் சேத்து அசிங்கம் பண்ணிட்டியே, ஏன்க்கா?"

நெத்திலி பாதி வெந்து கிடந்தது. சாப்பிடச் சொல்லவில்லை. நானும் உட்காரவில்லை. திரும்பி வரும்போது கூண்டில் வேறு ஆள்.

2024 அக்டோபர் 20, ஞாயிறு

சோலே போனை எடுக்கவில்லை. நாலு தடவை அடித்தேன்.

2024 நவம்பர் 1, வெள்ளி

கெடுபிடி தளர்ந்து பத்து நாள் ஆகிறது, பழையபடி அட்டையே போதும் என்கிறார்கள். எனக்கு எதற்கு?

எனக்கும் கோபம் வருகிறது. வரக்கூடாதா? என் புருஷன். என் வாசல். என் ஓட்டு. எல்லாரும் ஏர்னியை மறந்துட்டாங்க, நான் ஒருத்தி ஞாபகம் வெச்சிருந்தது குத்தமா? அந்தச் சீருடைக்காரன் பேர்கூட எனக்குத் தெரியாது. அவன் நிம்மதியா பென்ஷன் வாங்கிட்டு இருப்பான். அவன்மேல எறிஞ்ச கல் அவன்மேல விழவே இல்ல.

யார் மேல் விழும் என்று எனக்குத் தெரியாதா என்ன? தெரிந்துதான் எறிந்தேன். வேறு யாரும் கைக்கு எட்டவில்லை.

2025 மார்ச் 4, செவ்வாய்

முதியோர் இல்லத்துக்குப் போனேன். சமையலறைக் கதவைத் திறந்தது புதுப் பெண். சோலே கிறிஸ்துமஸோடு நின்றுவிட்டாளாம், முட்டி வலியாம். இரண்டு மாதத்துக்கு மேல் ஆகிறது. ஊருக்கே தெரிந்திருக்கிறது, எனக்குத் தெரியவில்லை.

2025 ஜூன் 11, புதன்

லண்டனும் மாட்ரிட்டும் பிரஸ்ஸல்ஸும் கைகுலுக்கிவிட்டன. வேலியை எடுத்துவிடப் போகிறார்களாம். சோதனை இல்லை, வரிசை இல்லை. பாறை யாருக்குச் சொந்தம் என்ற சண்டை மட்டும் அப்படியே இருக்குமாம். தெருவில் காரை நிறுத்தி ஹாரன் அடிக்கிறார்கள். மருந்துக் கடை முதலாளி என்னை வழியில் பார்த்து, "நாம இருப்போம்னு சொன்னது வீண் போகல ஐடா" என்று தோளைத் தட்டினார்.

ஆமாம் என்றேன்.

வீட்டுக்கு வந்து அந்தப் பழைய வில்லையைத் தேடி எடுத்துக் குப்பையில் போட்டேன்.

2025 ஆகஸ்ட் 30, சனி

இஸ்மா வந்தான். சாதாரணச் சட்டையில். வாசலிலேயே நின்றான்.

"பெரியம்மா, அன்னைக்கு எனக்கு வேற வழி இல்ல. பின்னாடி ஆளு நின்னாரு."

"தெரியும்டா. உங்கம்மா அனுப்பினாளா?"

"இல்ல. நான் வந்தது அவங்களுக்குத் தெரியாது." கொஞ்சம் தயங்கினான். "உங்களைப் பத்திப் பேச்சு எடுத்தா எழுந்து போயிடறாங்க. ஆனா வந்தா கதவைத் திறப்பாங்க. அவங்க யாரையும் வெளிய நிக்க வெக்க மாட்டாங்க."

2025 செப்டம்பர் 14, ஞாயிறு

போனேன். வேலி இன்னும் நிற்கிறது. ஆனால் கூண்டில் இருந்தவன் அட்டையைக்கூடப் பார்க்காமல் போங்க போங்க என்று கையசைத்தான். வீட்டிலிருந்து சோலே வாசலுக்கு இருபத்திரண்டு நிமிடம்.

கதவைத் திறந்தாள். மெலிந்திருக்கிறாள். உள்ளே வாங்க என்றாள். உட்காரச் சொன்னாள், சமையலறையில் இல்லை, முன்னறையில், விருந்தாளிகளுக்கு விரிப்புப் போட்ட நாற்காலியில். முட்டி எப்படி இருக்கிறது என்று கேட்டேன். பரவாயில்லை என்றாள். வெயிலைப் பற்றிக் கொஞ்சம் பேசினோம்.

காபி கொண்டுவந்தாள். தட்டில் கோப்பை, பக்கத்தில் மடித்த துணி.

"சர்க்கரை போடுவீங்களா?" என்று கேட்டாள்.

நாற்பது வருடமாக நான் சர்க்கரை போட்டுக் குடித்ததில்லை. அது அவளைவிட வேறு யாருக்கும் நன்றாகத் தெரியாது.

"ஒரு ஸ்பூன்" என்றேன்.

போட்டுக் கலக்கிக் கொடுத்தாள். முழுதும் குடித்துவிட்டு வந்தேன்.