பாப்பாவின் குற்றத்தில் ஓட்டை

பாப்பா,

சாப்பாடு அடுப்பு மேல் மூடி வைத்திருக்கிறேன். சூடு பண்ணிச் சாப்பிடு.

சட்ட வகுப்புக்கு நீ எழுதிய கற்பனைக் குற்றத்தைப் படித்தேன். மகளைக் கடத்தியவன், "சாப்ட்டேம்மா, தூங்கப் போறேன்" என்று அவளையே எழுத வைத்து, தினம் ஒரு சீட்டாக ஃபிரிட்ஜில் ஒட்டிவிட்டுப் போகிறான். நர்ஸ் வேலை பார்க்கும் அம்மாவுக்கு நாலு நாள் சந்தேகமே வரவில்லை.

"ஓட்டை இருந்தா சொல்லும்மா" என்று ஃபிரிட்ஜில் ஒட்டிய சீட்டில் கேட்டிருந்தாய். பஸ்ஸில் போக வர யோசித்தேன். 'மகளின் அறைக் கதவைத் திறந்து பார்த்திருப்பாளே' என்று எழுதப் போனேன். நான் உன் அறைக் கதவைத் திறந்து எத்தனை நாளாயிற்று என்று எண்ணிப் பார்த்தேன்.

இன்று சீட்டு ஒட்டாதே. வார்டுக்குப் போன் பண்ணு.

அம்மா

நான் வேலையாக இருக்கிறேன் என்று யார் சொன்னாலும் போனை வைத்துவிடாதே. நான் வரும்வரை லைனிலேயே இரு.