இரண்டாம் கேள்வி

லண்டன்
மார்ச் 10

அன்புள்ள அக்கா,

இன்று பேராயர் கேட்டபோது உன் பெயரை நான் சொல்லவில்லை. நம் ஊரின் பெயரையும் சொல்லவில்லை. இதை முதலில் எழுதிவிடுகிறேன். உறையைப் பிரிக்கும்போதே நீ தேடுவது இதைத்தான் என்று தெரியும்.

அவர் தேநீர்க் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு மெதுவாகத்தான் கேட்டார். "இது யார் சொன்னதுன்னு நான் கேக்கலாமா, ஹெஸ்டர்?"

"நம்பகமானவங்க ஐயா."

"நம்பகமானவங்கன்னா எனக்குப் போதும்" என்று சொல்லிச் சிரித்தார். ஏன் சிரித்தார் என்று அப்போதிருந்து யோசிக்கிறேன். அவர் அலுவலகத்தில் எனக்கென்று இருக்கும் சிறிய அறைக்குத் திரும்பியதும் கதவைச் சாத்திக்கொண்டேன்.

வியாழக்கிழமை பிரபுக்கள் சபையில் நம் கேள்வி வருகிறது; சபை உறுப்பினர் என்ற முறையில் பேராயரே கேட்கிறார். அச்சில் வரும் கேள்வி சாதுவானது: பழைய பள்ளிக் கட்டடங்களில் ஈயக் குழாய்களை மாற்ற அரசு என்ன செய்கிறது? அமைச்சர் எழுதி வைத்ததை வாசிப்பார். அது முடிந்ததும் கேட்டவர் எழுந்து இரண்டாவதாக ஒன்று கேட்கலாம். அந்த இரண்டாம் கேள்வி எந்தத் தாளிலும் அச்சாகாது. நீ சொன்னது அதில்தான் இருக்கிறது. நானே தட்டச்சு செய்து பேராயரிடம் கொடுத்தேன், படி எடுக்கவில்லை.

நீ கேட்டபடி தபாலில்தான் எழுதுகிறேன். உன் இருமல் எப்படி இருக்கிறது? தவக்காலம் என்று கைல்ஸ் அத்தான் இந்த வருடமும் பீர் குடிக்காமல் எல்லோர் மேலும் எரிந்து விழுகிறாரா?

அன்புத் தங்கை,
ஹெஸ்டர்


ஸ்கார்வித்
மார்ச் 11

அன்புள்ள ஹெஸ்டர்,

கடிதம் கிடைத்தது. உறை ஒட்டியபடியே வந்ததா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். இப்படி ஆகிவிட்டேன்.

மறுபடியும் சொல்கிறேன். நான்கு பள்ளிகள். தண்ணீரை என் கையால் பிடித்து நானே ஆய்வகத்துக்கு அனுப்பினேன். நான்கிலும் ஈயம் இருக்கிறது என்று முடிவு வந்த அன்றே பெட்டிஃபர் அதைத் தன் அறைக்கு எடுத்துப் போய்விட்டார். நகராட்சியின் தலைமை அதிகாரி அவர். நான் சுகாதார அதிகாரி. "பெத்தவங்களுக்குச் சொல்லணும் சார்" என்றேன். "சொல்லலாம், சொல்லலாம். தேர்தல் முடியட்டும், பிலிப்பா. இத்தனை வருஷம் குடிச்ச தண்ணிதானே?" என்றார். ஐந்து வயதுக் குழந்தைகள் இத்தனை வருஷமாகக் குடிக்கவில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் தொலைபேசியை எடுத்துவிட்டார்.

உன் பேராயரை நான் முழுக்க நம்பவில்லை. நான்கில் இரண்டு பள்ளிகள் திருச்சபையுடையவை. கடைசி நேரத்தில் அந்த இரண்டும் அவர் வாயிலிருந்து நழுவிவிடும், பார். நான்கு என்ற சொல் வருகிறதா என்று கவனி.

இதை நான் வெளியே சொன்னது உன்னிடம் மட்டும்தான். கைல்ஸிடம்கூடச் சொல்லவில்லை. என் பெயர் வந்தால் வேலை போய்விடும், வீட்டுக் கடனுக்குக் கைல்ஸின் சம்பளம் போதாது. இதை ஒருமுறைதான் எழுதுவேன்.

இருமல் அப்படியேதான் இருக்கிறது. நீ ஈஸ்டருக்காவது வருவாயா, இல்லை புத்தகங்களோடுதான் கொண்டாட்டமா?

உன் அக்கா,
பிலிப்பா


லண்டன்
மார்ச் 13, இரவு

அன்புள்ள அக்கா,

நான்கு என்றுதான் சொன்னார். தெளிவாக, சபை முழுக்கக் கேட்கும்படி. அந்த விஷயத்தில் நாம் அவரைத் தப்பாக நினைத்துவிட்டோம். ஆனால் வேறொன்று நடந்தது.

ஜெபம் முடியும்வரை வெளியாட்கள் உள்ளே போகக்கூடாது என்பதால் கதவருகே நின்றிருந்தேன். வாயிற்காவலர் என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். "கொஞ்சம் பொறுங்கம்மா. பிரபுக்களெல்லாம் பெஞ்சுல முழங்கால் போட்டுச் சுவத்தைப் பாத்துக்கிட்டிருக்காங்க. பாக்க நல்லா இருக்காது, அதான் உள்ள விடறதில்ல."

பிறகு பார்வையாளர் மாடத்தில் போய் உட்கார்ந்தேன். முதல் கேள்விக்கு லேடி அன்ஸ்தோர்ப் பதில் வாசித்தார். சுகாதாரத் துணை அமைச்சர். கனிவான முகம், சாம்பல் நிறக் கம்பளிச் சட்டை. பேராயர் மறுபடி எழுந்தார். வடக்கே ஒரு கடலோர நகராட்சியில் நான்கு பள்ளிகளின் தண்ணீரில் ஈயம் இருப்பது தெரிந்தும் பெற்றோரிடம் மறைத்திருக்கிறார்கள், அமைச்சருக்கு இது தெரியுமா என்று கேட்டார்.

எதிர்பாராத கேள்வி வந்தால் அமைச்சர்கள் பக்கத்துத் தடுப்புக்குள் உட்கார்ந்திருக்கும் அதிகாரிகளைத் திரும்பிப் பார்ப்பார்கள். துண்டுச் சீட்டு வரும். லேடி அன்ஸ்தோர்ப் திரும்பவே இல்லை. கோப்புக்குள்ளிருந்து ஒரு அட்டையை எடுத்து வாசித்தார். அந்த நகராட்சியோடு பேசியாகிவிட்டது, அது ஒரு அதிகாரி முறைப்படி இல்லாமல் தானாகவே எடுத்து அனுப்பிய தண்ணீர், மறுபரிசோதனை நடக்கும் என்றார்.

அக்கா, அட்டை தயாராக இருந்தது. கேள்வி கேட்கப்படும் முன்பே பதில் அங்கே இருந்தது.

அறைக்குத் திரும்பிக் குப்பைக்கூடையைக் கவிழ்த்துப் பார்த்தேன். தட்டச்சு நாடாவைக் கழற்றி வெளிச்சத்தில் பார்த்தேன். பெருக்க வரும் அம்மாளிடம் ஏதேதோ கேட்டு அவரை அழவைத்துவிட்டேன். தயவுசெய்து கோபித்துக்கொள்ளாதே, உன்னையும் கேட்டுவிடுகிறேன்: அத்தானுக்கு நிச்சயமாகத் தெரியாதா? சனிக்கிழமைகளில் அவர் பெட்டிஃபரோடு சீட்டு விளையாடுகிறார் இல்லையா?

ஹெஸ்டர்


ஸ்கார்வித்
மார்ச் 16

ஹெஸ்டர்,

வெள்ளிக்கிழமை காலையிலேயே பெட்டிஃபர் கூப்பிட்டுவிட்டார். இரண்டு பேர் சாட்சிக்கு உட்கார்ந்திருந்தார்கள். வேலையிலிருந்து தற்காலிகமாக நிறுத்திவைத்திருக்கிறார்கள். சாவியை வாங்கிக்கொண்டார்கள்.

கைல்ஸைக் கேட்டாய். நானும் கேட்டேன், உன் கடிதத்தை மேசையில் வைத்துக்கொண்டே. "உன் தங்கச்சி என்னை ஒற்றன்னு நினைக்கிறாளா? சீட்டுல ஏமாத்தக்கூட எனக்குத் தெரியாதுடி" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். பிறகு கொட்டகைக்குப் போனவர் சாப்பாட்டுக்கு வரவில்லை. பதினோரு வருடங்களில் அவரை நான் சந்தேகப்பட்டது இதுவே முதல் தடவை. உன்னால்.

இப்போது நான் உன்னைக் கேட்கிறேன். பெட்டிஃபர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "லண்டன்ல உனக்கு நல்ல சிநேகிதங்க இருக்காங்க போல. முந்தாநாள் அமைச்சர் ஆபீஸ்லேர்ந்து போன். பிலிப்பா நல்லா இருக்காங்களா, அவங்களுக்குத் தொந்தரவு எதுவும் இல்லையேன்னு விசாரிச்சாங்க. எதுக்குத் தொந்தரவு வரணும்னு நான் யோசிச்சேன்."

பிலிப்பா என்று கேட்டிருக்கிறார்கள். 'அந்த அதிகாரி' என்றோ 'திருமதி' போட்டுக் குடும்பப் பெயரைச் சொல்லியோ இல்லை. என் பெயரைச் சொல்லி, அன்பாக. பேராயரிடம் நீ சொல்லவில்லை என்றால் வேறு யாரிடம் சொன்னாய்?

பிலிப்பா


லண்டன்
மார்ச் 19

அன்புள்ள அக்கா,

யாரிடமும் சொல்லவில்லை என்றுதான் உனக்கு ஒரு கடிதம் எழுதி உறையில் போட்டு வைத்திருந்தேன். அனுப்பும் முன் பேராயரிடம் போனேன். இந்த முறை கதவைச் சாத்திவிட்டு நானே கேட்டேன்.

"ஐயா, பிலிப்பாங்கற பேரை லேடி அன்ஸ்தோர்ப்கிட்ட யார் சொன்னது?"

"நான்தான்" என்றார், சர்க்கரையைக் கலக்கியபடியே. கொஞ்சமும் தயங்கவில்லை.

புதன்கிழமைகளில் சபையின் கீழறைச் சிற்றாலயத்தில் ஏழெட்டுப் பேர் கூடி ஜெபிப்பார்கள். எல்லாக் கட்சியும் உண்டு. லேடி அன்ஸ்தோர்ப் ஒரு வாரமும் தவறுவதில்லை. யாருக்காக ஜெபிக்க வேண்டும் என்று ஒவ்வொருவரும் ஒரு பெயர் சொல்வார்கள். போன வாரம் பேராயர் உன் பெயரைச் சொல்லியிருக்கிறார்: ஸ்கார்வித்தில் பிலிப்பா என்றொரு பெண், குழந்தைகளின் தண்ணீரில் தீங்கைக் கண்டுபிடித்துவிட்டு வேலைக்குப் பயந்து நிற்கிறாள், அவளுக்குத் தைரியம் கொடும் ஆண்டவரே.

"ஜெபத்துல சொன்னதும்மா. அது அந்த அறையை விட்டு வெளிய போகாது."

"போயிருக்கு ஐயா."

"அன்ஸ்தோர்ப் அப்படிப்பட்டவ இல்ல."

அவர் அப்படிப்பட்டவர் இல்லைதான். அன்று மாலையே பேராயர் அவரிடம் போய்க் கேட்டார். நானும் வெளியே நின்றேன். லேடி அன்ஸ்தோர்ப் அழுதார், அக்கா. அந்தப் பெண்ணை யாரும் தொந்தரவு செய்துவிடக்கூடாது, நலமாக இருக்கிறாளா என்று விசாரியுங்கள் என்று செயலாளரிடம் சொன்னாராம். நல்லெண்ணத்தில்தான். செயலாளர் நகராட்சிக்கே போன் செய்து விசாரித்தார். பெட்டிஃபர் உடனே தன் பக்கக் கதையை எழுதி அனுப்பினார். அந்த அட்டை அதுதான்.

பேராயருக்கு உன் பெயர் எப்படித் தெரியும் என்று கேட்பாய். திங்கட்கிழமைகளில் அவர் அலுவலகத்தில் எல்லோரையும் கேட்பார், உங்களுக்காக என்ன ஜெபிக்கட்டும் என்று. நான் எப்போதும் 'ஒன்றுமில்லை ஐயா' என்றுதான் சொல்வேன். உனக்குத் தெரியும், என் விஷயங்களை யார் முன்னும் விரிக்க எனக்குப் பிடிக்காது. இந்தக் கேள்வியெல்லாம் எழுதுவதற்குப் பல வாரங்கள் முன்பு, உன் குரல் போனில் நடுங்கிய அன்று, ஒரே ஒருமுறை சொன்னேன்: "ஸ்கார்வித்துல என் அக்கா பிலிப்பா இருக்கா. வேலையிடத்துல ஏதோ கஷ்டம். அவளுக்காக." அவ்வளவுதான். பிறகு அந்தத் தாளைப் படித்ததும் அவர் இரண்டையும் சேர்த்துப் பார்த்துக்கொண்டார். அதனால்தான் சிரித்திருக்கிறார்.

அதை நான் சொன்னதாகவே நினைக்கவில்லை. எழுதும்போதுகூட அந்தச் சொல் பொருந்தவில்லை. ஆனால் என் வாயிலிருந்துதான் போயிருக்கிறது.

அத்தானிடம் மன்னிப்புக் கேட்டுத் தனியாக எழுதியிருக்கிறேன். பேராயர் நகராட்சிக்கு எழுதுகிறேன் என்கிறார். வேண்டாம், இனி யாருக்கும் எதுவும் எழுதாதீர்கள் என்று சொல்லிவிட்டேன். நீ சொல், நான் என்ன செய்யட்டும்? வேலையை விட்டுவிட்டு அங்கே வரவா?

உன் தங்கை,
ஹெஸ்டர்


ஸ்கார்வித்
ஏப்ரல் 2

ஹெஸ்டர்,

உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். நம்புகிறேன். நீ பொய் எழுதுகிறவள் இல்லை.

யார் மேல் கோபப்படுவது என்று தெரியவில்லை. பெட்டிஃபர் மேல் கோபப்படுவது சுலபம், அவர் கெட்டவர். மற்ற மூன்று பேரும் எனக்கு நல்லதுதான் நினைத்தீர்கள். அதனால் உங்களிடம் எனக்குப் பேச ஒன்றும் இல்லை. இனி என் பொருட்டு யாரிடமும் எதையும் கேட்காதே, கடவுளிடமும்.

கைல்ஸ் மறுபடி சீட்டாடப் போகவில்லை. நாங்கள் ஒருவரோடொருவர் மிகவும் மரியாதையாகப் பேசிக்கொள்கிறோம்.

நீ வர வேண்டாம். உன் வேலையில் இரு.

திங்கட்கிழமை என்னை வேலையிலிருந்து நீக்கினார்கள். மறுபரிசோதனையிலும் ஈயம் இருந்ததால் செவ்வாய்க்கிழமை நான்கு பள்ளிகளிலும் குழாய்களை மூடி முத்திரை வைத்தார்கள். பள்ளி வாசல்களில் தண்ணீர் லாரி நிற்கிறது. வீட்டை விற்கக் கொடுத்துவிட்டோம். மாதக் கடைசியில் கிளம்புகிறோம்.

பிலிப்பா