தங்கச்சாமிக்கு வராத எழுத்து

விஸ்வநத்தம்
19.1.2026

அன்பு மகள் பிரீத்திகாவுக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் சுகம். நீ சுகமா என்று கேட்கமாட்டேன். நாடகம் போடுகிறவர்கள் நேரத்துக்குச் சாப்பிடமாட்டார்கள் என்பதைத் தீபாவளி லீவில் உன் அறைக்கு வந்தபோதே பார்த்துவிட்டேன். பட்டாசுக் கம்பெனிக்குள் போன் கொண்டுபோகக் கூடாது. அதனால் சாப்பாட்டு வேளையில் பேனாவும் கையுமாக உட்கார்ந்திருக்கிறேன்.

நீ சொன்ன சேதியில் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. நாடகத்தில் அப்பா வேஷம் போட்டவர் டி.வி. சீரியலுக்குப் போய்விட்டார், அந்த வேஷத்தை நான் கட்ட வேண்டும் என்கிறாய். அன்றைக்கு உங்கள் ஒத்திகையில் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்தேனா? இருக்கன்குடி மாரியம்மன் கோவிலுக்கு நடந்து போகும்போது பாடுகிற மெட்டை முனகினேன். இசை அமைக்கிற அனுப்பிரியா காதில் அது விழுந்ததற்கா இந்தத் தண்டனை?

நீ நாடகத்துக்கு எடுத்திருக்கிற நாவலைப் படித்து முடித்தேன். தொண்ணூறு வருஷத்துக்கு முந்தின கதை மாதிரியே தெரியவில்லை. உப்பு வியாபாரியின் மகள் சொல்லாமல் கொள்ளாமல் வீட்டை விட்டுப் போகிறாள். அப்பன்காரன், இனி அவளோடு பேச்சே இல்லை என்று சத்தியம் பண்ணுகிறான். கடைசியில் அவள் வாசலில் வந்து நிற்கும்போது, "அழாதே மகளே" என்று இரண்டே சொல் சொல்கிறான். அந்த இடத்தைப் பேக்கிங் ஷெட்டில் வைத்துப் படித்துத் தொலைத்தேன். போர்மேன் சுந்தரபாண்டி பதறி ஓடிவந்தான்.

"ஏலே தங்கச்சாமி, கண்ணுல மருந்து பட்டுருச்சா?"

"இல்லலே, கதைப் பொஸ்தகம்."

"அடப் பாவி! ஆம்புலன்சுக்குச் சொல்லப் பாத்தேனேலே!"

அவ்வளவு பெரிய புத்தகத்தை இரண்டு மணி நேரப் பாட்டு நாடகமாகச் சுருக்கியிருக்கிறாய். பத்தாயிரம் வாலாவை மடித்துப் பெட்டிக்குள் திணிக்கிற எங்களுக்குத்தான் அந்தப் பாடு தெரியும்.

மகளாக நீ நிற்கும்போது எதிரே நான் நிற்காமல் வேறு யார் நிற்பார்? பாட்டை அனுப்பு. பாடிப் பதிவு பண்ணி அனுப்புகிறேன்.

பயந்துகொண்டே சரி சொல்லும் அப்பா,
தங்கச்சாமி

---

சென்னை
25.1.2026

அன்புள்ள அப்பா,

நீங்கள் பாடி அனுப்பியதை எல்லோரும் கேட்டோம். இந்தக் குரல்தான் இத்தனை நாள் இல்லாமல் இருந்தது என்று அனுப்பிரியா குதிக்கிறாள்.

ஆனால் ஒரு சிக்கல். போனில் சொல்ல வாய் வரவில்லை, அதனால்தான் கடிதம். உங்களுக்கு ழ வரவில்லை அப்பா. "கடிதத்தைக் கிழி" என்று நீங்கள் உருகிப் பாடிய இடத்தில், எங்கள் ஆட்கள் "எங்க கிளி?" என்று மேலே பார்த்தார்கள்.

சின்ன அரங்கு. எண்பது பேர் உட்காரலாம், முதல் வரிசைக்காரர் காலை நீட்டினால் மேடையில் இடிக்கும். ஒருவர் சிரித்தால் எண்பது பேரும் சிரிப்பார்கள். "அழாதே" என்கிற இடத்தில் சிரித்துவிட்டால் என் இரண்டு வருஷ உழைப்பு அங்கேயே முடிந்தது. பிப்ரவரி பத்துக்குள் ழ வராவிட்டால் வேறு ஒருவரைப் போட வேண்டியிருக்கும். அவரும் ஒத்திகைக்கு வந்துகொண்டிருக்கிறார். நாக்கை மேலே மடக்கிப் பழகுங்கள். என் மேல் கோபம் வேண்டாம்.

உங்கள்
பிரீத்தி

---

விஸ்வநத்தம்
1.2.2026

அன்பு மகளுக்கு,

கோபமா? எனக்கா? போன கடிதத்தை எடுத்துப் பார். ஒரு ழகூடத் தப்பில்லை. எழுத்தில் நான் புலவன். வாயைத் திறந்தால்தான் வண்டி குடை சாய்கிறது.

பயிற்சி பலமாக நடக்கிறது. சாப்பாட்டு வேளையில் ஷெட்டே கூடி எனக்கு "வாழைப்பழம்" சொல்லித் தருகிறது. சொல்லித் தருகிற அத்தனை பேரும் "வாளப்பளம்" என்றுதான் சொல்கிறார்கள். சுந்தரபாண்டி மட்டும், "நாக்க மடக்குனு சொன்னா மூஞ்சிய ஏன்லே மடக்குத?" என்று தாடையைப் பிடித்து நிமிர்த்துகிறான்.

நேற்று வீட்டுக்குள் நுழைந்ததும், நாக்கை மடக்கி, "அழகுமீனா!" என்று கூப்பிட்டேன். அம்மா திரும்பவில்லை. மூன்றாம் தடவை கத்தியதும் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"யாரக் கூப்பிடுதீக? தெருவுல புதுசா யாரும் குடி வந்திருக்காகளா?"

கல்யாணம் ஆன நாளிலிருந்து அளகுமீனாவாகவே இருந்தவள், பாவம், அவளுக்கு எப்படித் தெரியும்!

அந்த இன்னொரு ஆள் இருக்கட்டும். நாடகம் உன் நாடகம். ஆனால் பத்தாம் தேதிவரை என்னைக் கைவிட்டுவிடாதே. வேண்டாம் என்றிருந்தவனுக்கு ஆசை காட்டிவிட்டாய். இப்போது படுத்தால் கனவிலும் மேடை.

நாக்குச் சுளுக்கிய அப்பா,
தங்கச்சாமி

---

சென்னை
11.2.2026

அன்புள்ள அப்பா,

ழ வந்துவிட்டது! புதுப் பதிவைக் கேட்டு அறையே கைதட்டியது. கிழி கிழிந்துவிட்டது. வாழ்வு, வழி, மழை எல்லாம் சுத்தம்.

ஆனால் இப்போது ள போய்விட்டதே அப்பா! "உள்ளே வா" என்பது "உழ்ழே வா" ஆகிவிட்டது. கடைசி வரியில் "அழாதே மகழே" என்கிறீர்கள். முன்பு "அளாதே மகளே", இப்போது "அழாதே மகழே". இரண்டும் ஒரே வாயில் சேர்ந்து வராதா? நாங்கள் சிரித்துச் சிரித்துத் தரையில் உட்கார்ந்துவிட்டோம். பிறகு எனக்குப் பயம் வந்துவிட்டது.

இருந்தாலும் முடிவு பண்ணிவிட்டேன். நீங்கள்தான் நடிக்கிறீர்கள். மற்ற பாட்டுகளில் ள வருகிற இடங்களை மாற்றி எழுதிவிட்டேன். கடைசியில் "அழாதே" மட்டும் போதும், "மகளே"யை எடுத்துவிடலாம். அந்த இன்னொருவரையும் பக்கத்திலேயே இருக்கச் சொல்லியிருக்கிறேன். இருபத்தொன்றாம் தேதி சனிக்கிழமை முதல் ஆட்டம். அம்மாவையும் கூட்டிக்கொண்டு நாலு நாள் முன்னால் வந்துவிடுங்கள்.

பிரீத்தி

---

விஸ்வநத்தம்
24.2.2026

அன்பு மகளுக்கு,

சுகமாக வந்து சேர்ந்தோம். ரெயிலில் அம்மா எதிர் சீட்டுக்காரரிடம், "இவுக நடிகருங்க" என்று சொல்லிவிட்டாள். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "எந்தப் படத்துல வில்லன்?" என்று கேட்டார்.

சனிக்கிழமை நடந்ததைப் பற்றி நீயும் பேசவில்லை, நானும் பேசவில்லை. கட்டிப்பிடித்துக்கொண்டோம், அதோடு சரி. இங்கே வந்து உட்கார்ந்தால்தான் எழுத வருகிறது.

முதல் பாட்டை எப்படியோ பாடி முடித்தேன். இரண்டாவதில் கை தட்டினார்கள். அப்போது எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லத் தெரியவில்லை. ஊருக்கெல்லாம் எத்தனையோ வெடி செய்து அனுப்பியிருக்கிறேன், எனக்காக ஒன்று வெடித்தது அன்றைக்குத்தான்.

கடைசிக் காட்சி. நீ வாசலில் நிற்கிறாய். நான் நாக்கை மடக்கித் தயாராக வைத்திருந்தேன். "அழாதே" மட்டும். ஆனால் ஒத்திகையில் நீ கண்ணைக் கசக்குவாயே தவிர அழமாட்டாய். அன்றைக்கு நிஜமாகவே அழுதாய். மூக்குச் சிவந்து, உதடு பிதுங்கி. எனக்கு உப்பு வியாபாரி மறந்துபோனான், நாவல் மறந்துபோனது, நாக்கும் கீழே இறங்கிவிட்டது.

"அளாத தாயி."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று தெரிந்தது. சிரிப்பு வரும் என்று காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். எண்பது பேரில் ஒருவர் இருமக்கூட இல்லை. முதல் வரிசையில் ஒருவர் நீட்டியிருந்த காலை மடக்கிக்கொண்டார். நீயும் அடுத்த வரியை மறந்துவிட்டு என் தோளில் சாய்ந்துகொண்டாய். அனுப்பிரியா ஆர்மோனியத்தில் எதையோ வாசித்துச் சமாளித்தாள்.

மார்ச் ஏழாம் தேதி சனிக்கிழமை இரண்டாம் ஆட்டம். நாவலில் உள்ள சொல்தான் வேண்டும் என்றால், அந்த இன்னொருவரையே நிற்கச் சொல். சத்தியமாக வருத்தமில்லை, டிக்கெட் எடுத்து முன் வரிசையில் உட்கார்ந்து கை தட்டுவேன். ஏனென்றால் நான் எத்தனை நாள் பழகினாலும், நீ அப்படி அழுதால் என் வாயில் இதுதான் வரும். ழவும் இல்லை, மகளேவும் இல்லை. இது மட்டும்தான்.

யோசித்து எழுது. எழுதும்போது நேரத்துக்குச் சாப்பிட்டாயா என்பதையும் எழுது.

உன் சொந்த அப்பா,
தங்கச்சாமி