கொதிக்கிற வண்டியும் வெள்ளிக்கிழமைகளும்

12 ஜூலை 1974, வெள்ளி

திருக்கழுக்குன்றம் வந்து சேர்வதற்குள் வண்டி மறுபடியும் கொதித்து நின்றுவிட்டது. டிரைவர் ஜம்புலிங்கம் பானெட்டைத் தூக்கிவிட்டு, "வெயிலும்மா, வேற இன்னா" என்றான். போன வாரம் மழையில் நின்றதே, அதற்கு யார் பொறுப்பு?

கடலோரக் குப்பத்தில் கர்ப்பிணி வேண்டாவைப் பார்த்துவிட்டு வந்தேன். எட்டு மாதம் முடிகிறது. இடுப்பெலும்பு குறுகல். முதல் பிள்ளையை வீட்டிலேயே பெறப் பார்த்துப் பறிகொடுத்தவள். இந்தத் தடவை வலி எடுத்ததும் செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் ஆபரேஷன் செய்தே ஆகவேண்டும். அவளை ஏற்றிப்போக இதை விட்டால் வேறு வண்டி இல்லை. ஏற்றிப்போகிறேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன். இந்த வண்டியை நம்பி!

16 ஜூலை

செங்கல்பட்டு மெக்கானிக் ஏசுதாஸ் ஃபேன் பெல்ட் மாற்றினார்.

18 ஜூலை

கொதித்தது.

23 ஜூலை

வாட்டர் பம்ப்பும் மாற்றியாயிற்று. "இனிமே குதிர மாதிரி ஓடும் டாக்டரம்மா" என்கிறார் ஏசுதாஸ். ஓடினால் சரி.

மதுராந்தகத்திலிருந்து பெருந்தேவி அக்கா எழுதியிருக்கிறாள். வண்டியை விற்றுவிட்டு என்னோடு வந்து இரு, இந்த வயதில் உனக்கு எதற்கு இந்த அலைச்சல் என்று. வேண்டாவின் பிரசவம் முடிந்ததும் வருகிறேன் என்று பதில் போட்டேன். பேச்சுக்குச் சொல்லவில்லை. அலுத்துவிட்டது.

2 ஆகஸ்ட், வெள்ளி

குப்பத்திலிருந்து திரும்பும்போது மறுபடியும். கோபித்துக்கொள்ளக்கூடத் தெம்பில்லாமல் இறங்கி நின்றேன். ரோட்டில் சிந்தியிருந்த தண்ணீர் மஞ்சளாக இருந்தது. "துரும்மா" என்றான் ஜம்புலிங்கம். துரு மஞ்சள் வாசனை அடிக்குமா? அதில் ஒரு வேப்பிலை வேறு.

வயிற்றுவலி என்று வருகிறவர்களிடம் முதலில் என்ன சாப்பிட்டாய் என்றுதான் கேட்பேன். வண்டியின் விஷயத்தில் இத்தனை நாள் அதைக் கேட்கத் தோன்றவில்லை.

"குப்பத்துல வண்டிக்கு யாரு தண்ணி ஊத்தறா?"

"ஆதியம்மாதாம்மா, வேண்டாவோட மாமியாரு. நான் டீ குடிக்கப் போவசொல்ல அது ஊத்தி வெக்கும்."

சூடு ஆறியதும் வண்டியைத் திருப்பச் சொன்னேன்.

ஆதியம்மாள் எதையும் மறைக்கவில்லை. "ஆத்தா கோயில் தண்ணிம்மா. மஞ்சள அரைச்சி, வேப்பிலையும் போட்டு வெள்ளிக்கெயமதோறும் ஊத்துவேன். எம் மருமவள இட்டுகினு போவப்போற வண்டியாச்சே, ஆத்தா காவல் இருக்கட்டும்னு..."

"உன் காவல்தான் அவளை நடுரோட்டுல சாகடிக்கப் போகுது!"

கத்தியேவிட்டேன். குப்பமே பார்த்தது. அவள் சொம்பைக் கீழே வைத்துவிட்டு, வண்டியைத் தொடாமல் தள்ளிப்போய் நின்றாள்.

என்ன வாய் இது எனக்கு.

5 ஆகஸ்ட்

ரேடியேட்டரைக் கழற்றி அலசினார்கள். அரைத்த சந்தனம் மாதிரி மஞ்சளும் இலையுமாக அடை அடையாக வந்தது. ஏசுதாஸ் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

14 ஆகஸ்ட்

காலையில் ஆள் வந்துவிட்டது. வேண்டாவுக்கு வலி.

பின்சீட்டில் அவளும் நானும். முன்னால் ஆதியம்மாள், மடியில் ஒரு சொம்பு. ஒரு கண் வேண்டாவின் மேல், ஒரு கண் சூடு காட்டும் முள்ளின் மேல். செங்கல்பட்டு வரை முள் ஏறவே இல்லை.

பெண் குழந்தை. அழலாமா வேண்டாமா என்று யோசித்துவிட்டு ஊரைக் கூட்டியது. தாயும் சுகம்.

வராந்தாவில் ஆதியம்மாள் சொம்போடு நின்றிருந்தாள். "வண்டிக்கு ஊத்தல டாக்டரம்மா, சத்தியமா. இத்த இன்னா பண்றது?"

நின்று நின்று கால் இரண்டும் எரிந்துகொண்டிருந்தன. செருப்பைக் கழற்றிவிட்டு, "இங்க ஊத்து" என்றேன். ஊற்றினாள். அழுகை வந்தது எனக்கு. அடக்கிக்கொள்ளவில்லை.

23 ஆகஸ்ட், வெள்ளி

அக்காவுக்கு இன்னும் எழுதவில்லை. குப்பத்தில் பூவாயி என்று ஒரு பெண், ஐந்தாம் மாதம். போய்ப் பார்த்தேன். வண்டி கொதிக்கவில்லை.

ஆதியம்மாள் சொம்போடு வாசலில் நின்றிருந்தாள். அவள் கேட்பதற்குள் நானே செருப்பைக் கழற்றிவிட்டேன்.